வெறும் தண்ணீர் சிவந்த நாள்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்த வேகத்தில் போயும் விடும் என்று நான் சொல்லிக்கொள்வேன்; வீட்டில் அதை யாரும் ஒப்புக்கொண்டதில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க அந்தக் கோபத்தை ஒரே ஒருவர் மேல் வைத்திருந்தேன். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்மணி அவர். அவரைப் போல ஒரு வேதியியல்காரரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அதனால் இது என் கோபத்தைப் பற்றியதைவிட அவரைப் பற்றியதுதான்.

அறுபதுகளின் நடுப்பகுதி. திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்த நீள அறை ஒன்றைக் காலி செய்து எங்களுக்கு ஆய்வுக்கூடமாகக் கொடுத்திருந்தார்கள். அங்கிருந்த டாக்டர் ஒருவர் ஓர் ஆராய்ச்சி தொடங்கியிருந்தார். அரியமங்கலம் பக்கத்தில், பழைய லாரி பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் காரீயத்தை உருக்கி, திரும்பவும் தகடு வார்க்கிற பட்டறை இருந்தது. அங்கே வேலை செய்கிறவர்களின் உடம்புக்குள் அந்தக் காரீயம் எவ்வளவு போகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். அளந்து சொல்ல வேண்டியவர்கள் நாங்கள் இரண்டு பேர். கூட ஒரு அட்டெண்டர்.

அவர் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். மாதா கோயில் மணி கேட்கிற தூரத்தில் வீடு. காலைப் பூசை முடிந்து நடந்தே வந்துவிடுவார். புடவைத் தலைப்பில் அமிலம் பட்டு விழுந்த ஓட்டைகள் இருக்கும், அதை மறைக்கவும் மாட்டார். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி, பாலம் தாண்டி, நெற்றியில் திருமண் கலையாமல் வந்து சேருவேன். நான் அவரை மிஸ் என்பேன், அவர் என்னை சார் என்பார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பதவியில் அவர் ஒரு படி மேல். கெட்டிக்காரத்தனத்தில் எத்தனை படி மேல் என்று எண்ணிப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

நாங்கள் செய்த வேலையைச் சொன்னால் சாப்பாட்டு நேரத்தில் படிக்கிறவர்கள் முகம் சுளிக்கலாம். பட்டறை ஆட்கள் சீசாவில் கொண்டுவந்து கொடுக்கும் சிறுநீரை அமிலத்தோடு சேர்த்துக் காய்ச்சுவோம். எல்லாம் எரிந்து வெள்ளைச் சாம்பல் மட்டும் மிஞ்சும். அதைக் கரைத்து ஒரு கண்ணாடிப் புனலில் ஊற்றி, பச்சை நிறத்தில் ஒரு திரவம் சேர்த்துக் குலுக்க வேண்டும். காரீயம் இல்லையென்றால் பச்சை பச்சையாகவே நிற்கும். இருந்தால் சிவக்கும். எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு சிவப்பு. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அந்தச் சிவப்பைக் கண்ணை மூடினால் என்னால் பார்க்க முடிகிறது.

இதில் ஒரு தொல்லை உண்டு. காரீயம் என்பது நோயாளி உடம்பில் மட்டும் இருக்கிற சாமான் இல்லை. ஜன்னல் கதவில் அடித்த பெயின்ட்டில் இருக்கும், குழாயில் இருக்கும், மட்டமான கண்ணாடியில் இருக்கும், தெருப் புழுதியில் இருக்கும். அதனால் வடித்த சுத்தமான தண்ணீரை எடுத்து, அதையும் சிறுநீர் மாதிரியே காய்ச்சி, கரைத்து, குலுக்கிப் பார்ப்போம். இதற்கு பிளாங்க் என்று பெயர். தண்ணீர் பச்சையாக நின்றால் நம் கை சுத்தம். தண்ணீரே சிவந்தால் காரீயம் நம்முடையது, நோயாளியுடையது இல்லை. அமில சீசா புதிதாகத் திறக்கும்போதெல்லாம் இந்தச் சோதனையைச் செய்துவிட்டு, அந்த சீசா தீரும் வரை அதையே நம்பி வேலை பார்ப்பது எங்கள் வழக்கம்.

பட்டறையில் உருக்குகிறவரை எல்லோரும் மேஸ்திரி என்பார்கள். கட்டுமஸ்தான மனிதர், பேச்சு குறைவு. கொதிக்கிற காரீயத்தை நீளப்பிடி இரும்புக் கரண்டியால் அள்ளி, ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் அச்சில் ஊற்றுவார். அவர் வார்த்த தகட்டுக்குத் தனி மரியாதை. ஆனால் அந்த வருஷம் அவருடைய வலது மணிக்கட்டு தொய்ய ஆரம்பித்திருந்தது. கையை நீட்டினால் விரல்கள் கீழ்நோக்கித் தொங்கும். கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் கவனித்தார். இது காரீயத்தின் வேலையாகத்தான் இருக்கும், இப்போதே அடுப்பை விட்டு விலகினால் கை திரும்பி வரும், இன்னும் கொஞ்ச காலம் போனால் வராது என்று அவரிடம் பக்குவமாகச் சொன்னார். மேஸ்திரி கேட்டுக்கொண்டார். அது சூடு, வாயு, மோர் குடித்தால் சரியாகும் என்றார். அடுப்பை விட்டால் அவர் மேஸ்திரி இல்லை. பேட்டரிக்குச் சார்ஜ் போடுகிற மூலையில் நாலோடு ஐந்தாவது ஆள். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கடைசியில், உங்க மிஷின் சொல்லட்டும், அப்புறம் பார்ப்போம் என்று முடித்துவிட்டார். எங்களிடம் மிஷின் என்று எதுவும் இல்லை. மிஸ்ஸின் கண்தான் இருந்தது. அதை அவரிடம் யார் சொல்வது?

ஆட்களிடம் சிறுநீர் சீசா வாங்குவதே பெரிய பாடு. ஒரு பெண்பிள்ளை கையில் இதை எப்படிக் கொடுப்பது என்று ஆட்களுக்கு ஒரே கூச்சம். ஒருவர் காந்தி மார்க்கெட்டில் காய் வாங்கிய பையில் கத்தரிக்காய்க்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்து, காயோடு சேர்த்தே நீட்டினார். மிஸ் சிரிக்காமல் வாங்கி, காயைத் திருப்பிக் கொடுத்தார். இப்படி ஒரு வழியாக எல்லா சீசாவும் சேர்வதற்குள் சரஸ்வதி பூஜை வந்துவிட்டது.

எங்கள் அட்டெண்டர் பக்திமான். ஆயுத பூஜை என்றால் அவரைப் பிடிக்க முடியாது. அறையைக் கழுவி, மாவிலை கட்டி, தராசு, அடுப்பு, தண்ணீர் வடிக்கிற கலம், அமில சீசாக்கள், புனல்கள், புனல்களின் குமிழ்மூடிகள் வரை ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தார். மலைக்கோட்டைக்குக் கீழே கடைத்தெருவில் வாங்கிய குங்குமம். கண்ணைப் பறிக்கிற சிவப்பு. மிஸ் கிறிஸ்தவராயிற்றே, அவருடைய சின்னத் தராசுக்கு வைக்கலாமா கூடாதா என்று யோசித்து விட்டுவிட்டார். மிஸ் அதைப் பார்த்து, என் தராசு மட்டும் என்ன பாவம் செய்தது என்று கேட்டு, அதற்கும் ஒரு பொட்டு வைக்கச் சொன்னார். எல்லோரும் பொரிகடலை தின்றோம். நல்ல நாள் அது.

விடுமுறை முடிந்து வந்து, பழைய துணியால் பொட்டுகளைத் துடைத்துவிட்டு, சீசாக்களை எடுத்துக் காய்ச்ச ஆரம்பித்தோம். எல்லாம் சிவப்பு. மேஸ்திரிக்கு, பேட்டரி உடைக்கிறவர்களுக்கு, சார்ஜ் போடுகிறவர்களுக்கு, வாசலில் உட்கார்ந்து பில் எழுதுகிறவருக்குக்கூடச் சிவப்பு. டாக்டர் நேரே பட்டறைக்குப் போய்ச் சொன்னார். முதலாளி மிரண்டுபோனார். மேஸ்திரி சரி என்று தலையாட்டினார், அடுப்பை விட்டுவிடுவதாக ஒத்துக்கொண்டார். எனக்கு இருந்த சந்தோஷத்தில் வீட்டுக்குப் போகும்போது மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு போனேன்.

மிச்சம் இருந்தது என்னுடைய சீசா. பட்டறைப் பக்கமே வராத ஓர் ஆளின் சிறுநீரையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக என்னிடம் வாங்கி வைத்திருந்தார் மிஸ். அதை ஒரு மத்தியானம் குலுக்கினார். மேஸ்திரிக்குக் கொஞ்சமும் குறையாத சிவப்பு.

மணிக்கட்டை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டேன். காரீயம் எனக்குள் எந்த வழியாக வந்திருக்கும் என்று பஸ்ஸில் யோசித்து, பாலம் தாண்டுவதற்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டேன்: எங்கள் வீட்டில் சாத்தமுது, அதாவது ரசம், வைக்கிற ஈயச் சொம்பு. அது வெள்ளீயம்தான், அதில் தப்பு இல்லை. ஆனால் விற்கிறவன் காரீயம் கலந்திருந்தால்? புளித்தண்ணீரை ஊற்றி நாள்தோறும் கொதிக்க வைத்தால்? செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாக உள்ளே போய்ச் சொம்பைத் தூக்கினேன். அது என் மனைவி கல்யாணத்தின்போது பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது.

"ஏன்னா, உங்க ஆபீஸ் முழுக்க ஈயத்தை வெச்சுண்டு, என் தளிகையறையில வந்து எதுக்குத் தேடறேள்?" என்றாள்.

நான் சொம்பைப் பரண் மேல் வைத்தேன். இரண்டு நாள் எங்கள் வீட்டில் சாத்தமுதும் இல்லை, பேச்சும் இல்லை.

சொம்புக் கதையை மிஸ்ஸிடம் ஆவேசமாகச் சொன்னபோது, அதையும் கொண்டுவரவா, சோதித்துப் பார்த்துவிடலாம் என்றேன். அவர், முதலில் தண்ணீரைப் பார்ப்போம் என்றார். பூஜைக்கு முன்னால் திறந்த அமில சீசாவுக்கு பிளாங்க் பார்த்தாயிற்றே, பச்சையாகத்தானே நின்றது என்று நான் முணுமுணுத்தேன். காதில் வாங்காமல் தண்ணீரை அடுப்பில் ஏற்றினார்.

வெறும் தண்ணீர் சிவந்தது.

எனக்கு நிம்மதிதான் முதலில் வந்தது, பொய் சொல்வானேன். என் கை விழாது. மிஸ் முகத்தைப் பார்த்த பிறகுதான் மற்றது உறைத்தது. அவர் ஒவ்வொரு சாமானாகக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். புனலின் குமிழ்மூடியில், கழுத்துப் பக்கம், துணி போகாத இடுக்கில் செந்நிறத் தூள் ஒட்டியிருந்தது. அதை ஊசி முனையால் சுரண்டி, அமிலத்தில் கரைத்து, பச்சைத் திரவத்தைச் சேர்த்தார். குலுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் சிவந்தது. நல்ல குங்குமம் மஞ்சளில் செய்வது. இது மலிவுச் சரக்கு. இரும்புக் கதவுக்குத் துருப் பிடிக்காமல் அடிக்கிறார்களே, அந்தப் பூச்சில் கலக்கிற காரீயத் தூளை நிறத்துக்காகச் சேர்த்திருக்கிறார்கள். நாங்கள் துடைத்த துணி அதை அறை முழுக்கப் பரப்பியிருந்தது.

உலகத்தில் எத்தனையோ ஆய்வுக்கூடங்களில் எத்தனையோ தப்பு நடந்திருக்கும். காரீயத்தை அளக்கிற கருவிகளுக்குக் காரீயத்தாலேயே பொட்டு வைத்து, விழுந்து கும்பிட்டு, பொரிகடலையும் தின்றவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

டாக்டர் வந்ததும் சொன்னார் மிஸ். பட்டறைக்குப் போய், நாம் சொன்னது செல்லாது என்று சொல்ல வேண்டும் என்றார். டாக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். நான் சும்மா இருக்கவில்லை. மேஸ்திரி கையில் இருப்பது காரீயம்தான், அதைச் சொல்ல ஆய்வுக்கூடம்கூட வேண்டாம், பார்த்தாலே தெரிகிறது. இப்போதுதான் அந்த மனிதர் அடுப்பை விட்டிருக்கிறார். இப்போது போய்ச் செல்லாது என்றால் மறுநாளே கரண்டியை எடுப்பார், கை போகும். ஓசைப்படாமல் அறையைக் கழுவிவிட்டு, வேறு ஏதாவது சாக்குச் சொல்லி சீசா வாங்கிப் பார்ப்போம், அதுவரை வாயைத் திறக்க வேண்டாம் என்று மேசையைத் தட்டினேன். டாக்டருக்கும் அதில் பாதி சம்மதம் என்று தெரிந்தது.

மிஸ் என்னைப் பார்த்துத் தணிந்த குரலில் கேட்டார். "பார்த்தாலே தெரியும்னா, எதுக்கு சார் அளந்தோம்?"

அந்தக் கேள்வி என் கோபத்தை இரட்டிப்பாக்கியது.

மறுநாள் மிஸ்ஸும் நானும் பஸ்ஸில் அரியமங்கலம் போனோம். மழை தூறிக்கொண்டிருந்தது. மார்க்கெட்டில் ஏறிய வெங்காய மூட்டை ஒன்று எங்கள் காலடியில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். பட்டறையில் வேலையை நிறுத்தச் சொல்லி, எல்லோரையும் கூப்பிட்டு வைத்து, மிஸ் நின்றபடியே சொன்னார். பூஜை, குங்குமம், என் சீசா, தண்ணீர் எல்லாவற்றையும், ஒன்றையும் மறைக்காமல், தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளாமல் சொன்னார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். பில் எழுதுகிறவர் கையெடுத்துக் கும்பிட்டார், தான் பிழைத்தேன் என்று. முதலாளி, படித்தவர்கள் லட்சணம் இதுதானா என்று எனக்குக் கேட்கிற மாதிரி முணுமுணுத்தார். பேச்சு முடிந்ததும் மேஸ்திரி திரும்பி நடந்து, அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த கரண்டியை இடது கையால் எடுத்தார்.

திரும்பி வரும்போது மிஸ் பேசிய எதற்கும் நான் வாய் திறக்கவில்லை. ஒரு மனிதனை நெருப்புக்கே திருப்பி அனுப்பிவிட்டு இவளால் எப்படி ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வர முடிகிறது என்று மனசுக்குள் மரியாதையில்லாமல் திட்டினேன். அவர் அழுதுகொண்டு வந்தார் என்பது, இறங்குகிற இடத்தில் முகத்தைத் துடைத்தபோதுதான் தெரிந்தது. அப்போதும் நான் பேசவில்லை.

பிறகு கழுவினோம், கழுவினோம், கழுவிக்கொண்டே இருந்தோம். சுவர் வரை. அட்டெண்டர் மனசு உடைந்துபோய், அம்பாளைக் குற்றவாளி ஆக்கிவிட்டீர்களே என்றார். மிஸ் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, குற்றம் கடைக்காரன் மேல்தான், அம்பாள் மேல் இல்லை என்று சமாதானப்படுத்தி, அடுத்த வருஷம் சந்தனமும் பூவும் மட்டும் வைக்கலாம் என்றார். அவரும் அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேரையும்விடக் கறாராகக் கழுவினார். வழக்கத்தையும் மிஸ் மாற்றினார். அமில சீசாவுக்கு ஒரு முறை இல்லை, ஒவ்வொரு வேளையும் முதலில் தண்ணீர், அப்புறம்தான் மனிதர். தண்ணீரில் லேசாகச் சிவப்பு தட்டினாலும் அன்றைய வேலை அத்தனையையும் கொட்டிவிடுவார். மலைக்க வைக்கிற பொறுமை அது. எனக்குக் கோபம் தீரவில்லை; ஆனால் அந்தக் கையைப் பார்த்துப் பிரமிக்காமலும் இருக்க முடியவில்லை. தண்ணீர் முதன்முதலாகப் பச்சையாக நின்ற அன்று எனக்கும் கண் கலங்கியது. புகை என்று சொல்லிக்கொண்டேன்.

திரும்ப சீசா கொடுப்பார்களா என்பதுதான் பயம். பட்டறைக்குப் போனோம். ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் கை நீட்டிக் காலி சீசாவை வாங்கிக்கொண்டவர் மேஸ்திரி. அவர் வாங்கியதும் மற்றவர்களும் வாங்கினார்கள்.

இந்தத் தடவை தண்ணீர் பச்சை. என்னுடையது பச்சை. (சொம்பு அன்று சாயங்காலமே பரணிலிருந்து இறங்கியது. என் மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் பெரிய தண்டனை.) பில் எழுதுகிறவர் பச்சை. சார்ஜ் போடுகிறவர்களுக்கும் ஏறக்குறையப் பச்சை. பேட்டரி உடைக்கிறவர்களுக்கு மங்கலான சிவப்பு. மேஸ்திரியின் புனல் ரத்தமாகச் சிவந்தது. மிஸ் நம்பாமல், புதிதாக சீசா வாங்கித் திரும்பவும் செய்தார். அதே சிவப்பு.

டாக்டர் வெளியூர் போயிருந்தார். அவர் வரட்டும் என்று மிஸ் காத்திருக்கவில்லை. நாங்கள் போனபோது மேஸ்திரி அடுப்பின் முன்னால் நின்று அச்சில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றி முடிக்கும் வரை நின்றோம்.

"உங்களுக்கு இருக்குங்க" என்றார் மிஸ்.

மேஸ்திரி என் பக்கம் திரும்பி, "சாருக்கு?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

"தண்ணிக்கு?"

"தண்ணிக்கும் இல்லைங்க" என்றார் மிஸ்.

அவர் கையிலிருந்த கரண்டியை அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். பிறகு எங்கள் இரண்டு பேரிடமும் பொதுவாகச் சொன்னார். "அன்னிக்கு டாக்டர் வந்து எல்லாருக்கும் இருக்குன்னாரு. பில்லு போடுறவருக்குக்கூட இருக்குன்னா எப்படிங்க நம்புறது? பெரிய மனுசன் மனசு நோகக் கூடாதேன்னு தலையாட்டினேன். அடுப்பை நான் ஒரு நாளும் விடலைங்க. நீங்க வந்து செல்லாதுன்னு சொல்லிட்டுப் போனீங்க பாருங்க, அதுக்கப்புறம்தான் எனக்குப் பயம் வந்துச்சு. இனிமே இவங்க இருக்குன்னு சொன்னா நெசமாவே இருக்கும்னு."

அவர் ஒரு நாளும் அடுப்பை விட்டிருக்கவில்லை. நாங்கள் சிவப்பைக் காட்டிச் சந்தோஷப்பட்ட நாட்களிலும், நான் பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன சாயங்காலத்திலும், அந்த மனிதர் இதே புகையில்தான் நின்றிருக்கிறார். நான் சொன்னபடி வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்றைக்கும் எங்களுக்காகத் தலையாட்டிவிட்டு இங்கேயேதான் நின்றிருப்பார். மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்கும் இது புதுச் செய்திதான்.

மேஸ்திரி பேட்டரி உடைக்கிறவர்களில் ஒருவரைக் கரண்டி பிடிக்கக் கூப்பிடப் போனவர், கூப்பிடவில்லை. வேறு யாரையும் அங்கே நிறுத்த அவருக்கு மனசு வரவில்லை. வாளித் தண்ணீரை எடுத்து, காரீயத்தில் படாமல், அடுப்பின் தணலில் ஊற்றி அணைத்தார். முதலாளி ஓடிவந்து என்ன என்று கேட்டார்.

"கூரையைப் பிரிச்சுப் புகைபோக்கி வைங்க முதலாளி. அதுவரைக்கும் இதை யாரும் பத்த வைக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு, மேஸ்திரி சார்ஜ் போடுகிற மூலைக்குப் போய், நாலு பேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.